இடுப்பளவும் எங்கள் ஆயுளும்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இக்கல்லூரியிலிருந்து வைத்தியத் துறைக்குச் சென்ற பழைய மாணவிகள் சார்பில் ஏதாவது ஒரு சுகாதார விடயம் பற்றிப் பேசவேண்டும் என்று சங்கம் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. பழைய மாணவிகள் இருவர் சந்தித்துக்கொண்டால் முதல் ஐந்து நிமிடம் பிள்ளைகளைப் பற்றிக் கதைப்போம். அடுத்த ஐந்து நிமிடம் எதைப் பற்றிக் கதைப்போம் என்பது உங்களுக்கே தெரியும். "சாறிச் சட்டை ஒன்றும் அளவில்லையடி, எல்லாத்தையும் பிரிச்சுத் தைக்க வேணும்." நாற்பதைத் தாண்டிய எங்களில் பெரும்பாலானோரின் கதை இதுதான். கை, கால் பெரிதாக மாறவில்லை. முகம் மாறவில்லை. இடுப்பைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் வந்து உட்கார்ந்துவிட்டது. எழும்பிப் போக மறுக்கிறது.

அழகுக்காக இதைப் பேச வரவில்லை. பருமனாக இருப்பது குற்றமும் அல்ல, வெட்கப்பட வேண்டிய விடயமும் அல்ல. ஆனால் அந்த வளையத்தோடு சேர்ந்து என்ன வருகிறது என்பதை நாங்கள் கிளினிக்கில் நாள்தோறும் பார்க்கிறோம். நீரிழிவு, உயர் குருதியமுக்கம், ஈரலில் கொழுப்பு, மாரடைப்பு, பாரிசவாதம் என்று அந்தப் பட்டியல் நீளும். இலங்கையில் 2005-2006 இல் நடந்த தேசிய அளவிலான ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். அவர்களில் பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. அதற்குப் பின் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கிறது.

முதலில் அளந்து பார்ப்போம்

எடை பார்க்கும் தராசு எல்லார் வீட்டிலும் இல்லை. தையல் நாடா அநேகமாக எல்லார் வீட்டிலும் இருக்கும். இந்த விடயத்தில் தராசை விட நாடாதான் நல்ல சாட்சி. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றிப் பிடியுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல், சாதாரணமாக மூச்சை வெளியே விட்டபின் அளவைப் பாருங்கள். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

தெற்காசியப் பெண்களுக்கு அந்த அளவு 80 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஏறக்குறைய 31½ அங்குலம். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர். இன்னொரு சுலபமான கணக்கும் உண்டு: இடுப்பளவு உயரத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். 5 அடி 2 அங்குலம் உயரமான ஒருவரின் உயரம் 62 அங்குலம், பாதி 31. ஐரோப்பியப் பெண்களை விட நாங்கள் இந்த எல்லையைக் கவனமாகப் பார்க்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. அதே எடையில், அதே உயரத்தில் அவர்களை விட எங்கள் உடலில் கொழுப்புக் கூடுதல், தசை குறைவு. உடற்திணிவுச் சுட்டெண் 25 ஐ எட்டும்வரை பயமில்லை என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஆசிய மக்களுக்கு அது 23 இலேயே எச்சரிக்கை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "மெல்லிய உடம்பு, வண்டி மட்டும்தான்" என்று சொல்லும் பலருக்குத்தான் முதலில் சீனி ஏறுகிறது.

உள்ளே இருப்பது என்ன?

வயிற்றில் இரண்டு வகைக் கொழுப்பு உண்டு. ஒன்று தோலுக்குக் கீழே, விரலால் கிள்ளிப் பிடிக்கக்கூடியது. மற்றது உள்ளே, குடலையும் ஈரலையும் சூழ்ந்திருப்பது. கையில் அகப்படாது. பிரச்சினைக்குரியது இரண்டாவதுதான். அது சும்மா கிடக்கும் மூட்டை அல்ல. கொழுப்பமிலங்களையும் அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் இடைவிடாது வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். குடலிலிருந்து ஈரலுக்குச் செல்லும் நாளத்தின் வழியாக அவற்றில் பெரும்பகுதி ஈரலைப் போய்ச் சேருகிறது. ஈரலில் கொழுப்புப் படிகிறது. இன்சுலின் சொல்வதை ஈரல் கேட்காமற் போகிறது. சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கிறது. ஒரு நாள் அதுவும் களைத்துப் போகிறது. அன்றுதான் குருதிப் பரிசோதனைத் துண்டில் சீனி கூடியிருப்பதைப் பார்க்கிறோம். உண்மையில் அந்த நோய் பத்து வருடத்துக்கு முன்பே புறப்பட்டுவிட்டது.

இதில் நல்ல செய்தியும் உண்டு. கடைசியாக உள்ளே வந்த இந்தக் கொழுப்புத்தான் உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றும்போது முதலில் கரையத் தொடங்குகிறது. தராசு அசையாத வாரங்களிலும் நாடா அசையும்.

ஏன் இந்த வயதில்?

"வயது போனால் உடம்பு எரிப்பதைக் குறைத்துவிடும்" என்று எல்லாரும் சொல்வார்கள். 2021 இல் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400 க்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு வேறு விதமாகக் காட்டியது. உடலின் அளவையும் தசையையும் கணக்கில் எடுத்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை உடல் சக்தியை எரிக்கும் வேகம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. அப்படியானால் வேறு எவை மாறுகின்றன?

முதலாவது, தசை. முப்பதுக்குப் பின் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. குருதியிலுள்ள சீனியை அதிகம் உறிஞ்சுவது தசைதான். அது குறையும்போது அந்தச் சீனிக்குப் போக்கிடம் குறைகிறது. இரண்டாவது, ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நிற்பதற்குச் சில வருடங்களுக்கு முன்பிருந்தே அது ஏறி இறங்கி, 50 வயதை ஒட்டி ஒரேயடியாகக் குறைகிறது. இளவயதில் தொடையிலும் இடுப்பின் பக்கங்களிலும் சேர்ந்த கொழுப்பு, இப்போது வயிற்றுக்குள் சேரத் தொடங்குகிறது. மூன்றாவது, நித்திரை. இரவில் உடல் சுட்டு வியர்த்து எழும்புகிறோம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் பிள்ளையின் சோதனை, மாமியாரின் மருந்து, இரவு வேலை எல்லாம் சேர்ந்து வருகின்றன. நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடும், இனிப்பைத் தேடும்.

நான்காவது காரணம் எங்கள் தலைமுறைக்கே உரியது. 1990 களில் இங்கு படித்தவர்கள் நினைத்துப் பாருங்கள். பெற்றோல் இல்லை. பள்ளிக்கும் ரியூசனுக்கும் கோயிலுக்கும் சைக்கிள்தான். நாளொன்றுக்கு எத்தனை மைல் மிதித்தோம் என்று யாரும் எண்ணியதில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கைக்குழந்தையையும் மூட்டையையும் சுமந்து நடந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்றோம். ஒரு பாணை எத்தனை துண்டாக வெட்டினோம் என்பது ஞாபகம் இருக்கும். அப்படி மெலிந்து வளர்ந்த உடம்பு, பிற்காலத்தில் வேகமாகப் பருக்கும்போது நீரிழிவுக்கு எளிதில் ஆளாகிறது. இது மருத்துவம் நன்கறிந்த விடயம். உடம்பு மாத்திரமல்ல, மனமும் அந்தக் காலத்தை மறக்கவில்லை. பிள்ளை மிச்சம் வைத்த இரண்டு இடியப்பத்தை எங்களால் எறிய முடியாது. எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறோம். இதைப் பலவீனம் என்று சொல்ல மாட்டோம். பட்டினியை அறிந்தவர்களின் பழக்கம் அது. ஆனால் மிச்சத்தைப் போட எங்கள் வயிற்றைத் தவிர வேறு இடமும் உண்டு. குளிர்சாதனப் பெட்டி உண்டு, கோழி உண்டு, வாசலில் நாய் உண்டு. எல்லாவற்றுக்கும் முதல், அடுத்த நாள் கொஞ்சம் குறைத்துச் சமைக்கலாம்.

பலன் தராதவை

வயிற்றுக்கென்று தனியாகப் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. படுத்தெழும்பும் பயிற்சி வயிற்றுத் தசையைப் பலப்படுத்தும், அதன் மேலுள்ள கொழுப்பை அந்த இடத்திலிருந்து எடுக்காது. இடுப்பில் கட்டும் பெல்ற் வியர்வையைத்தான் வெளியேற்றும். தேசிக்காயும் தேனும் கலந்த சுடுநீர் குடிக்க நல்லாயிருக்கலாம், கொழுப்பை அது உருக்காது. முகநூலில் விற்கும் மூலிகைத் தூள்களில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. ஈரல் பழுதாகி வருபவர்களைப் பார்க்கும்போது வயிறெரிகிறது. வாரம் ஒருமுறை போடும் புதிய ஊசிகள் உண்மையாகவே எடையைக் குறைக்கின்றன. ஆனால் அவை வைத்தியர் பார்த்து, அளவு தீர்மானித்து, தொடர்ந்து கவனித்துக் கொடுக்க வேண்டிய மருந்துகள். ரொறன்ரோவிலுள்ள தங்கை சூட்கேசில் கொண்டுவந்து தரும் பொருள் அல்ல.

பகல் முழுக்கப் பட்டினி கிடந்து இரவு ஒரு பெரிய கோப்பை சோறு சாப்பிடுவதும் இதே வகைதான். விரதம் பிடிப்பதை நாங்கள் தடுக்கவில்லை. விரதம் முடித்துப் பாரணையில் வடையும் பாயாசமும் அளவில்லாமல் சாப்பிட்டால், கணக்கு மறுபடி பழைய இடத்துக்கே வரும்.

எங்கள் கோப்பையில் என்ன இருக்க வேண்டும்?

வெளிநாட்டு உணவுப் பட்டியல் ஒன்றும் தேவையில்லை. எங்கள் சமையலுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது. அளவுதான் இடம் மாறிவிட்டது. சாப்பாட்டுக் கோப்பையை மனதில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி முழுவதும் மரக்கறியும் கீரையும். மற்றப் பாதியில் ஒரு பங்கு மீன், முட்டை, பருப்பு, கடலை போன்றவை. மிஞ்சிய கால்பங்குதான் சோறு, புட்டு, இடியப்பம், பாண். இப்போது பெரும்பாலான வீடுகளில் முக்கால்வாசி சோறும் ஓரத்தில் கொஞ்சம் கறியுமாகத்தான் இருக்கிறது.

தசையைக் காக்கப் புரதம் தேவை. சிறுநீரக வருத்தம் இல்லாத ஒருவருக்கு, கிலோ எடைக்கு ஏறக்குறைய 1 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு, ஒரு கோப்பை அவித்த கடலையில் 14, 15 கிராம் உண்டு. காலையில் சம்பலும் பாணும் மட்டும் சாப்பிட்டால் பத்து மணிக்குப் பசிக்கும், றோல்ஸ் தேடும். அதே காலையில் அவித்த பயறோ, ஒரு முட்டையோ சேர்ந்தால் மத்தியானம் வரை தாங்கும்.

தேங்காயைப் பகைக்க வேண்டாம், அளந்து பாவிக்கலாம். 100 கிராம் தேங்காய்ப்பூவில் ஏறக்குறைய 350 கலோரி உண்டு. புட்டுக்குள் தேங்காய்ப்பூ, சம்பலில் தேங்காய்ப்பூ, சொதியில் முதற்பால் என்று ஒரே நேரச் சாப்பாட்டில் மூன்றும் வரவேண்டியதில்லை. முருங்கையிலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் வேலியோரத்திலும் சந்தையிலும் கிடைக்கின்றன. சிவப்பரிசி மாப் புட்டு, குரக்கன் புட்டு, மீனும் பயிற்றங்காயும் நிறையப் போட்ட ஒடியற் கூழ் எல்லாம் நல்லவைதான். ஆனால் குரக்கன் என்றதற்காக இரண்டு மடங்கு சாப்பிடக்கூடாது. அதுவும் மாச்சத்துத்தான்.

மற்றது தேத்தண்ணி. நாளுக்கு நாலு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி. தேக்கரண்டிக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 40 கிராம். வருடத்துக்கு 14 கிலோவுக்கு மேல் சீனி, தேத்தண்ணியில் மட்டும். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சிறந்த அளவாகச் சொல்வது ஏறக்குறைய 25 கிராம். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துப் பாருங்கள். நாலு வாரத்தில் நாக்குப் பழகிவிடும். சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக் குடிப்பவர்களும் உண்டு. கடிக்கும் துண்டு சிறிதாக இருக்கும்வரை அது நல்ல வழி.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முன் முடிப்பதும், நித்திரைக்கு முதல் தொலைக்காட்சி நாடகத்தோடு வரும் மிக்சரையும் பிஸ்கற்றையும் நிறுத்துவதும் பலருக்குத் தனியாகவே பலன் தரும்.

உடற்பயிற்சி

"வீட்டில் நாள் முழுக்க வேலை, அதைவிட என்ன பயிற்சி?" என்ற கேள்வி நியாயமானது. வீட்டுவேலை களைப்பைத் தரும். ஆனால் இதயம் வேகமாகத் துடிக்கும் அளவுக்கு அது தொடர்ந்து நடப்பதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகநடை வேண்டும். நாளுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். வேகம் என்றால் எவ்வளவு? பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. ஒரேயடியாக முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாக நடக்கலாம்.

நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். இதைத்தான் எங்கள் பெண்கள் தவற விடுகிறார்கள். காசு கட்டி உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகவேண்டியதில்லை. கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருங்கள். சுவரில் கை வைத்து உடலை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் கையில் பிடித்து மேலே உயர்த்தி இறக்குங்கள். குதிக்காலை உயர்த்தி நில்லுங்கள். ஒவ்வொன்றும் பத்துத் தரம், இரண்டு முறை. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முழங்கால் நோ உள்ளவர்கள் கதிரையின் உயரத்தைத் தலையணை வைத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

இதனால் நீரிழிவு உண்மையாகவே தடுபடுமா என்று கேட்பீர்கள். 2002 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, நீரிழிவின் வாசலில் நின்ற 3,000 க்கும் மேற்பட்டோரை எடுத்தது. வாரத்துக்கு 150 நிமிடப் பயிற்சி, உடல் எடையில் 7 சதவீதக் குறைப்பு என்பதே இலக்கு. மூன்று வருடமளவில் நீரிழிவு 58 சதவீதம் குறைந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 31 சதவீதம். 2006 இல் சென்னையில் எங்கள் போன்ற உணவும் உடலும் உள்ளவர்களிடம் செய்த ஆய்வில் 28.5 சதவீதம் குறைந்தது. 70 கிலோ உள்ள ஒருவருக்கு 7 சதவீதம் என்றால் 5 கிலோ. பள்ளிக்கால எடைக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. ஐந்து கிலோவைத்தான் கேட்கிறோம். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைய அவசரப்பட வேண்டாம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை நாடாவை எடுத்து அளந்து குறித்து வையுங்கள்.

வைத்தியரிடம் போக வேண்டிய இடங்கள்

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ பாவிப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன் வைத்தியரோடு கதைக்க வேண்டும். மருந்தின் அளவைக் குறைக்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், மூச்சு முட்டினால் அன்றே போங்கள். முயற்சி செய்யாமலே எடை குறைந்தால் சந்தோசப்படாமல் காரணத்தைத் தேடுங்கள்.

மிக முக்கியமான ஒன்று. வயிறு பெரிதாவதெல்லாம் கொழுப்பல்ல. சில வாரங்களுக்குள் வயிறு ஊதி, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்து, அடிக்கடி சலம் போகவேண்டும் போலிருந்தால் சூலகப் புற்றுநோயையும் எண்ணிப் பரிசோதிக்க வேண்டும். "வாய்வு" என்று சொல்லி மாதக்கணக்கில் ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு வருபவர்களைப் பார்க்கிறோம். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பின் குருதி கண்டாலும் அப்படியே, தாமதிக்க வேண்டாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 35 வயதிலிருந்து சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. குருதியமுக்கம், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் காசில்லாமல் பார்க்கிறார்கள். எங்களில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

அரை மணித்தியாலம் யாருடையது?

மேலே சொன்ன எதுவும் புதிதல்ல. உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? எங்கள் வீடுகளில் பெண்ணுக்கென்று ஒதுக்கிய அரை மணித்தியாலம் இல்லை. மகனின் சாதாரண தரச் சோதனை முடியட்டும், மகளின் கலியாணம் முடியட்டும், அம்மாவின் கண் சத்திரசிகிச்சை முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் கட்டிலில் இருந்துகொண்டு கால் புண்ணுக்கு மருந்து கட்டும் நாள் வருகிறது. அன்று வீட்டில் எல்லாரும் எங்களுக்காக அரை நாளை ஒதுக்குவார்கள். அதற்கு முதல் நாங்கள் கேட்கும் அரை மணித்தியாலம் எவ்வளவோ மலிவானது.

இன்னொன்று, ஊரின் வாய். ஐந்து கிலோ குறைந்தால் ஒழுங்கையில் காணும் முதலாவது ஆள் கேட்பார்: "என்ன பிள்ளை வாடிப்போனாய், ஏதும் வருத்தமோ?" கொழுகொழுவென்று இருப்பதுதான் சுகம் என்று நினைத்த காலத்தின் அன்பு அது. கோபிக்காமல் "சுகமாய்த்தான் இருக்கிறன் அக்கா, வாருங்கோ சேர்ந்து நடப்பம்" என்று சொல்லிப் பாருங்கள்.

தனியாக நடக்க முடியாததற்கும் காரணங்கள் உண்டு. இருட்டு, நாய், மோட்டார் சைக்கிளில் வரும் பெடியளின் சேட்டை. ஆகவே இந்தச் சபையில் ஒரு வேண்டுகோள். எங்கள் கல்லூரி மைதானம் மாலை ஐந்து மணிக்குப் பின் வெறுமையாகக் கிடக்கிறது. வலைப்பந்து ஆடிய மைதானம், இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வெயிலில் நின்று அணிநடை பழகிய மைதானம். வாரத்தில் மூன்று நாள், மாலையில் ஒரு மணித்தியாலம், பழைய மாணவிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் அதைத் திறந்துவிட அதிபர் அவர்கள் மனம் வைக்க வேண்டும். விளக்குப் போடும் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். லண்டன், பரிஸ், ரொறன்ரோ, சிட்னிக் கிளைகள் ஒவ்வொரு வகுப்புத் தொகுதியாகச் சேர்ந்து நடைக்குழு அமைக்கலாம். பனி கொட்டும் மாதங்களில் கடைத்தொகுதிக்குள்ளேயே நடக்கலாம், கோயில் மண்டபத்திலோ தேவாலய மண்டபத்திலோ கூடிப் பயிற்சி செய்யலாம். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கையெழுத்து வைக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மறைப்புக் கட்டி, உள்ளே ஒரு நாடாவும் குருதியமுக்கம் பார்க்கும் கருவியும் வைத்தால், வைத்தியத் துறையில் இருக்கும் நாங்கள் முறைவைத்து வந்து இருக்கத் தயார். அளவுகள் உங்கள் கையிலேயே எழுதித் தரப்படும், வேறு யாருக்கும் சொல்லப்படாது.

எங்களைப் படிப்பித்த பல ஆசிரியைகள் எண்பதைத் தாண்டியும் இன்று முன்வரிசையில் நிமிர்ந்து இருக்கிறார்கள். அவர்களுடைய வயதில் நாங்களும் இந்த மண்டபத்துக்கு யாருடைய கையையும் பிடிக்காமல் நடந்து வரவேண்டும். அதற்கான வேலையை நாற்பதிலும் ஐம்பதிலும் தொடங்கினால் பிந்திவிடவில்லை. அறுபதில் தொடங்கினாலும் தசை வளரும்.

நாளைக் காலை தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுங்கள்.